அஞ்செட்டிப் பாதைக்காக வண்டியை உயர்த்தியபோது

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும் சாலையை விட்டுப் பிரிந்து எங்கள் புளியந்தோப்புக்குப் போகும் பாதை மூன்று கிலோமீட்டர் நீளம். முதல் ஒரு கிலோமீட்டர் செம்மண். அடுத்த பகுதியில், ஒவ்வொரு மழைக்கும் மண் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போனதால், பாறைகளின் முதுகு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. கடைசியில் காவிரியை நோக்கிப் போகும் ஓடை ஒன்று. ஆண்டில் எட்டு மாதம் அது வெறும் மணல். ஐப்பசி, கார்த்திகையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அப்பா உயிரோடு இருந்தவரை பழைய ஜீப்பில்தான் போய்வந்தார். அந்த ஜீப்பை விற்றபின் நான் வாங்கியது 2009ஆம் ஆண்டின் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3. பெங்களூரில் ஒருவரிடமிருந்து வாங்கி, டிஎன் 24 எண்ணுக்கு மாற்றினேன். பதினைந்து ஆண்டு நிறைவில் தகுதிச் சான்று பெற்றுப் பதிவையும் புதுப்பித்து வைத்திருக்கிறேன். இந்த வண்டியின் உடலைச் சக்கரங்களின் மேல் தாங்கும் காற்று சஸ்பென்ஷனை உயர்த்துவதற்குச் சென்ற ஆண்டு முழுவதும் நான் பட்ட பாட்டையும், அதில் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன். நம் பக்கத்தில் இதே வகை வண்டியை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

என் டிஸ்கவரி 3இல் கம்பிச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரங்களுக்கும் நான்கு ரப்பர் பலூன்கள். அவற்றுக்குள் அடைபட்ட காற்றுதான் இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தாங்குகிறது. சாதாரண உயரத்தில் தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே 185 மில்லிமீட்டர் இடைவெளி. கரடுமுரடான பாதைக்கான பொத்தானை அழுத்தினால் இன்னும் 55 மில்லிமீட்டர் ஏறி 240 ஆகிறது. அந்த உயரத்தில் 700 மில்லிமீட்டர் ஆழம்வரை தண்ணீரைக் கடக்கலாம் என்பது தயாரிப்பாளர் கொடுத்த அளவு. வேகம் கூடினால் வண்டி தானாகவே பழைய உயரத்துக்கு இறங்கிவிடும். தாளில் பார்த்தால் எங்கள் பாதைக்கு இது போதும். ஆனால் ஆடி மாதத்தில் ஒருநாள், முழுவதும் உயர்த்திய நிலையிலேயே, நடுப்பாறையில் அடித்தகடு உரசி, பற்களைக் கூசவைக்கும் சத்தம் எழுந்தது. அன்றே அதை இன்னும் உயர்த்தியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு பாதி சரி, பாதி தவறு என்பது பின்னர்தான் தெரிந்தது.

வண்டியை உயர்த்துவது பற்றி நம் ஊரில் உள்ள பழக்கம் முழுவதும் பட்டை ஸ்பிரிங் ஜீப்புகளிலிருந்து வந்தது. பட்டையை வளைத்துக் கட்டுவது, பட்டையின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டுவது, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைப்பது ஆகியவைதான் அங்கே வழிகள். அவற்றில் உடல் மட்டும் உயரும்; எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும், ஆக்சிலின் நடுவே குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை ஒரு விரற்கடை உயர்த்தவேண்டும் என்றாலும் பெரிய டயர்தான் போடவேண்டும். டிஸ்கவரி 3இல் நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசைபவை. டிஃபரன்ஷியல்கள் வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு பிணைந்திருக்கின்றன. ஆகவே உடல் உயரும்போது அவையும் சேர்ந்தே உயர்கின்றன. இது பெரிய நன்மை. இதற்கான விலையை ஆக்சில் மூட்டுகள் கொடுக்கின்றன: உடல் மேலே போகப் போக, சக்கரத்துக்குப் போகும் தண்டு சாய்வாகி, மூட்டு கூடுதல் கோணத்தில் சுழல்கிறது, அதை மூடியிருக்கும் ரப்பர் உறையும் இழுபடுகிறது.

காற்றைப் பற்றி எனக்கிருந்த ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். டயருக்குக் காற்றடிப்பதுபோல, பலூனில் அழுத்தம் கூடினால் வண்டி உயரும் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் வண்டியின் எடை மாறாதவரை பலூனுக்குள் இருக்கும் அழுத்தமும் பெரிதாக மாறுவதில்லை. எடையைத் தாங்கத் தேவையான அழுத்தம் எதுவோ அதுவே உள்ளே நிற்கும். கூடுதலாக உள்ளே போகும் காற்று, அழுத்தத்தை ஏற்றாமல், பலூனை நீளச்செய்கிறது. அதனால் உயரத்தைத் தீர்மானிப்பது காற்றின் அளவு. அந்த அளவு போதுமா, கூடவா, குறைவா என்று கட்டுப்பாட்டுக் கணினிக்குச் சொல்வது, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் இருக்கும் ஒரு சிறிய சென்சார். சென்சாரின் கையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சஸ்பென்ஷன் கரத்துக்குப் போகிறது. சக்கரம் மேலே கீழே போகும்போது கம்பி சென்சாரின் கையைத் திருப்புகிறது. வண்டிக்குத் தன் உயரம் தெரியாது. அந்த நான்கு கம்பிகள் சொல்வது மட்டுமே தெரியும். இது மனத்தில் பதிந்த பிறகுதான் மற்றதெல்லாம் எனக்குப் புரிந்தது.

எனக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்தவர் அந்தக் கம்பிகளை மாற்றியிருந்தார். கம்பியின் நீளம் மாறினால், வண்டி சரியான உயரத்தில் நிற்கும்போதே சென்சார் தாழ்வாக இருப்பதாகச் சொல்லும். கணினி அதை நம்பிக் காற்றை ஏற்றும். வண்டி நிரந்தரமாக உயர்ந்துவிடும். செலவு மிகக் குறைவு, வேலை ஒரு மணி நேரம். இதனால்தான் உலகம் முழுவதும் இந்த வண்டிக்காரர்கள் இதைச் செய்கிறார்கள். ஆனால் என் வண்டியில் நான்கு கம்பிகளும் ஒரே கணக்கில் மாற்றப்படவில்லை. பின்னால் இடப்பக்கம் மட்டும் வலப்பக்கத்தைவிட 14 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது. அதற்கு மேல், காலையில் வந்து பார்த்தால் அந்த மூலை இன்னும் கீழே போய், சோர்ந்த மாடு ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். எஞ்சினைக் கிளப்பினால், பலூன்களுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் நெடுநேரம் உறுமி மெல்லத் தூக்கும். சில நாட்களில் மஞ்சள் விளக்கு எரிந்து, சாதாரண உயரம் மட்டுமே கிடைக்கும் என்ற செய்தி திரையில் வரும்.

நகரத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். அவர்கள் கணினியில் இருந்த பிழைக் குறிப்புகளை அழித்துவிட்டு, கம்ப்ரசரை மாற்றவேண்டும் என்று பெரிய தொகையாகச் சொன்னார்கள். எங்கே கசிகிறது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. வாடிக்கையாளரின் பணத்தைவிட, கண்டுபிடிக்கும் பொறுமைதான் அங்கே குறைவாக இருந்தது.

பிறகு கிருஷ்ணகிரியில் பேருந்து மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணனிடம் போனேன். சென்னை, பெங்களூர், சேலம் சாலைகள் சந்திக்கும் ஊரில் இருப்பதால் சொகுசுப் பேருந்துகளின் காற்றுப் பலூன்களோடு வாழ்நாளைக் கழித்தவர். பெரிய பேருந்தின் பலூனும் என் வண்டியின் பலூனும் அளவில்தான் வேறு. ரப்பர் மடிப்பு, வால்வு, குழாய், கம்ப்ரசர் என்று அடிப்படை ஒன்றே. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். இடது பின்மூலையில் உட்கார்ந்து, சக்கர வளைவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“காத்து நிக்காத வண்டியத் தூக்கி என்ன பண்ணப் போற தம்பி? மொதல்ல நிக்க வை.”

அவர் சொன்ன வரிசையிலேயே வேலை நடந்தது. முதலில், எந்த மூலை உண்மையில் கசிகிறது என்று உறுதி செய்யவேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டியைப் பூட்டிவிட்டுப் போனபின்பும் கட்டுப்பாட்டுக் கணினி சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து நான்கு மூலைகளையும் ஒப்பிடும். ஒன்று தாழ்ந்திருந்தால் மற்றவற்றின் காற்றை வெளியேற்றிச் சமன்படுத்தும். அதனால் ஒரு மூலையின் கசிவு காலையில் நான்கு மூலைகளின் தாழ்வாகத் தெரியலாம், குற்றவாளி யார் என்று தெரியாமலே போகலாம். சஸ்பென்ஷனுக்கான ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டால் கணினி தலையிடாது. கசியும் மூலை மட்டும் தனியே இறங்கும். அப்படியே மூன்று இரவுகள் வைத்தேன். மாலையிலும் காலையிலும், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே வளைவின் விளிம்புவரை அளந்து நோட்டில் எழுதினேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்று, தரையின் சரிவு எல்லாம் கணக்கைக் குழப்பும். சக்கர மையத்திலிருந்து அளப்பதே சரி.

மூன்று இரவிலும் இடது பின்மூலை நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியது. மற்ற மூன்றும் நான்கைந்து மில்லிமீட்டர் மட்டும், ஏறத்தாழ ஒரே அளவில் இறங்கின. அந்த மூன்றும் கசிகின்றனவோ என்று முதலில் கவலைப்பட்டேன். அப்போது மார்கழி. பகலில் 30 டிகிரி இருந்தது விடியற்காலையில் 15 டிகிரிக்கு வந்துவிடும். எடை மாறாமல் இருக்க, காற்று 30 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் கனஅளவு சுமார் 5 விழுக்காடு சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் நான் கண்ட சில மில்லிமீட்டர். குளிர்காலத்தில் தளி, ஓசூர்ப் பக்கம் வண்டியை நிறுத்துபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எல்லா மூலைகளும் கொஞ்சமாக, ஒரே அளவில் இறங்கினால் பலூனை மாற்ற ஓடவேண்டாம்.

அடுத்த நாள் சக்கரத்தைக் கழற்றினோம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். காற்று சஸ்பென்ஷன் வண்டியின் அடியில், சேஸுக்குக் கீழே உறுதியான ஸ்டாண்டு வைக்காமல், கையையோ தலையையோ ஒருபோதும் விடக்கூடாது. ஜாக்கி மட்டும் போதாது. பலூன் எந்த நொடியிலும் காற்றை விடலாம். கணினியும் தானாக வண்டியை இறக்கலாம். அண்ணன் நான்கு ஸ்டாண்டு வைத்து, வண்டியை உலுக்கிப் பார்த்து, கதவு ஒன்றைத் திறந்தே வைத்தார். கதவு திறந்திருந்தால் இந்த வண்டி உயரத்தை மாற்றாது என்று நான் சொன்னதைக் கேட்டபின்பும் ஸ்டாண்டுகளை அவர் எடுக்கவில்லை. அதுதான் முறை.

ஒரு குவளையில் சோப்புத் தண்ணீரைக் கரைத்து, பெயிண்ட் பிரஷால் குழாயின் முனை, வால்வு, பலூனின் மடிப்பு என்று ஒவ்வொன்றாகத் தடவினார். குழாய் பொருந்தும் இடத்தில் ஒன்றும் இல்லை. பலூனின் கீழ்ப்பகுதி உருண்டு மடியும் இடத்தில், ரப்பரைக் கட்டைவிரலால் மெல்ல விரித்தபோது, கடுகளவு குமிழிகள் ஒரு கோடாக எழுந்தன; எழுந்து வெடித்து, மறுபடி அதே இடத்தில் எழுந்தன. மடிப்புக்குள் சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருந்தது. எங்கள் பாதையின் கல்துகள், மணல், புளியந்தோப்பின் மண் எல்லாம் கலந்த பொடி. வண்டி ஆண்டுக்கணக்காக ஒரே உயரத்தில் நிற்கும்போது ரப்பர் ஒரே வரியில் மடிகிறது. அந்த வரியில் துகள் அகப்பட்டு, ஒவ்வொரு குலுக்கலிலும் அரம்போல் தேய்க்கிறது. பதினைந்து வயதான ரப்பர் அதைத் தாங்கவில்லை. பின்பலூன்கள் இரண்டையுமே மாற்றினோம். ஒன்று போயிருந்தால் மற்றதன் வயதும் அதுவே.

கம்ப்ரசர் இடது பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், சேஸின் வெளிப்பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. கழற்றிப் பிரித்தபோது பிஸ்டனைச் சுற்றியிருந்த வளையம் தேய்ந்து, சிலிண்டர் சுவரில் கறுப்புப் பொடியாக ஒட்டியிருந்தது. அதனோடு இணைந்த டிரையரைத் திறந்தால், ஈரத்தை உறிஞ்சவேண்டிய மணிகள் சவ்வரிசிபோல் உருண்டையாக இருப்பதற்குப் பதில் நொறுங்கி, நனைந்த வெள்ளை மாவாகக் கட்டியிருந்தன. அந்த மாவு காற்றோடு போய், பலூன்களுக்குக் காற்றைத் திறந்து மூடும் வால்வு பிளாக்குகளில் படிந்தால் வால்வு முழுதாக மூடாது. பிறகு எந்தப் பலூனை மாற்றினாலும் கசிவு நிற்காது. கசிகிற பலூனை நிரப்ப நாள் முழுக்க ஓடியதால்தான் கம்ப்ரசர் தேய்ந்தது. ஓடி ஓடி உள்ளே வந்த ஈரத்தால்தான் டிரையர் நொந்தது. பட்டறையில் சொன்னபடி கம்ப்ரசரை மட்டும் மாற்றியிருந்தால், புதியதும் ஒரே ஆண்டில் இதே கதியை அடைந்திருக்கும். பிஸ்டன் வளையத்தையும் டிரையர் மணிகளையும் புதிதாகப் போட்டு, வால்வு பிளாக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, கம்ப்ரசருக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயையும் மாற்றினோம். ரிலே சிறிய பொருள்தான். ஆனால் அது ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகிவிடும்.

இதன்பின் உயரத்துக்கு வந்தோம். முந்தையவர் போட்ட கம்பிகளை எடுத்துவிட்டு, அசல் நீளமுள்ள கம்பிகளை மாட்டி, வண்டியின் உயரத்தை முதலிலிருந்து அளவீடு செய்யவேண்டும். இதற்குக் கணினியோடு பேசும் டயக்னாஸ்டிக் கருவி ஒன்று தேவை. நான்கு மூலைகளிலும் கையால் அளந்த அளவைக் கருவியில் கொடுத்தால், இதுதான் சாதாரண உயரம் என்று கணினி குறித்துக்கொள்ளும். கருவியை ஓசூரில் ஒரு நண்பர் கொடுத்தார். கருவியைவிடப் பெரிய தேவை சமதளமான தரை. பட்டறைகளின் தரை எல்லாம் தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிந்திருக்கும். எங்கள் ஊர்க் களத்தின் சிமெண்டுத் தரை சமமாக இருக்கும் என்று நினைத்தேன். சந்தேகம் தீர ஒரு கொத்தனாரை மட்டக்குழாயோடு அழைத்துவந்தேன். தண்ணீர் நிரப்பிய அந்த நீண்ட தெளிவான குழாயின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து, சக்கரங்கள் நிற்கப்போகும் நான்கு இடங்களையும் பார்த்தோம். ஒரு மூலை 11 மில்லிமீட்டர் பள்ளம். அந்த இடத்தில் தகடுகளை அடுக்கிச் சமம் செய்தபின்தான் வண்டியை ஏற்றினோம். வீடு கட்டுவதற்கு இவ்வளவு கவனம் எடுத்துக்கொள்கிற நாம் வண்டிக்கு ஏன் எடுக்கக்கூடாது என்று கொத்தனாரே கேட்டார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அளவீடு முடிந்ததும் பொத்தானை அழுத்தினேன். கம்ப்ரசர் சிறிது நேரமே ஓடியது. பின்பக்கம் முதலில் எழுந்து, முன்பக்கம் தொடர்ந்து, வண்டி ஒரே மட்டமாக நின்றது. அளந்தோம். நான்கு மூலைகளுக்கும் இடையே வேறுபாடு 3 மில்லிமீட்டருக்குள் இருந்தது. அப்போதுதான் ஆடி மாதத்து உரசலின் காரணம் விளங்கியது. அன்று வண்டி தன் முழு 55 மில்லிமீட்டரை எட்டவே இல்லை. கசிகிற மூலையும் களைத்த கம்ப்ரசரும் சேர்ந்து அதைப் பாதி வழியிலேயே நிறுத்தியிருந்தன; முந்தையவரின் கம்பிகள் அந்தக் குறையைக் கண்ணுக்கு மறைத்திருந்தன. உயர்த்தவேண்டும் என்று நான் தேடிய உயரத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே வண்டிக்குள் இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த நடுப்பாறையை நான் நூல் பிடித்து அளந்திருந்தேன். இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவே அது எழுந்து நிற்கும் உயரம், வண்டியில் நான்கு பேரும் புளி மூட்டைகளும் இருந்து சக்கரங்கள் குழியில் இறங்கும் நிலையில், 240 மில்லிமீட்டரை நெருங்கியது. இன்னும் 25 மில்லிமீட்டர் கிடைத்தால் மனநிம்மதியோடு போகலாம். அந்த 25க்காக, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கம்பிகளை ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் செய்துகொண்டேன். துருப்பிடிக்காத எஃகு, இரு முனையிலும் பந்து மூட்டு, ஒரு முனையில் ஆறு மில்லிமீட்டர் மரை, நீளத்தைப் பூட்ட ஒரு நட்டு. அந்த மரையின் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்பதால் ஒரு சுற்று திருப்பினால் கம்பியின் நீளம் 1 மில்லிமீட்டர் மாறும். ஆனால் சக்கரத்தில் ஏற்படும் மாற்றம் அதைவிடப் பெரிது. கம்பி சஸ்பென்ஷன் கரத்தின் இடையில் ஓரிடத்தில் பிடித்திருக்கிறது. சக்கரமோ கரத்தின் நுனியில் இருக்கிறது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இந்த விகிதம் வேறு. ஆகவே கணக்குப் போட்டு மாட்டிவிட்டுப் போகாமல், அரைச் சுற்று திருப்பி, எஞ்சினைக் கிளப்பி, வண்டி அமைதியாகும்வரை காத்திருந்து, அளந்து, மறுபடி திருப்பி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவிட்டேன். மாலையில் நான்கு கம்பிகளிலும் பெயிண்டால் அடையாளம் வைத்தேன்.

50 மில்லிமீட்டருக்குப் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். போகலாம், கணினி தடுக்காது. போகாததற்குக் காரணம் உண்டு. சக்கரம் கீழே இறங்குவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. உடலை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு அந்த எல்லைக்கு அருகில் போகிறோம். பிறகு ஒரு சிறு குழியில் சக்கரம் இறங்க முயன்றாலும் ஷாக் அப்சார்பர் தன் நீளத்தின் கடைசியில் போய் இடிக்கும். உயர்த்திய காற்று வண்டிகள் கட்டைபோல் ஓடுகின்றன என்று பலர் சொல்வது இதைத்தான். பலூன் இறுகியதால் வருவதில்லை. இந்த வண்டியின் பெரிய அழகே கரடான பாதையில் இடவல பலூன்களை ஒன்றோடொன்று இணைத்துவிடுவதுதான். ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் அங்கிருந்து தள்ளப்படும் காற்று எதிர்ப்பக்கத்துக்குப் போய், அந்தச் சக்கரத்தைக் கீழே அழுத்திப் பிடியைக் காக்கும். கீழே இறங்க இடமே இல்லாத அளவுக்கு உயர்த்திவிட்டால் அந்த வசதி வீணாகிவிடும். அடிப்பகுதி பாறையில் அமர்ந்துவிட்டால் வண்டி தானாகவே இன்னும் கொஞ்சம் எழுந்து விடுவித்துக்கொள்ளும் ஏற்பாடும் இதில் உண்டு. அந்த அவசரத்துக்கும் மேலே இடம் மிச்சம் வேண்டும்.

சட்டத்தையும் நான் ஒதுக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியிருக்கிறது. சஸ்பென்ஷன் உயரம் இதில் வராது என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் நின்று வண்டியோட்ட விருப்பம் இல்லை. அதைவிட, தொப்பூர்க் கணவாய்ச் சரிவில் லாரிகளுக்கு நடுவே உயர்த்திய வண்டியை ஓட்டுவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு இறுகுகிறது. ஈர்ப்பு மையம் மேலே போன வண்டி அங்கே திடீரென்று விலகினால் என்ன ஆகும் என்பதை அந்தச் சாலையில் பலமுறை பார்த்திருக்கிறோம். எனவே சாலையில் வண்டி அசல் கம்பிகளோடு, அசல் உயரத்தில்தான் ஓடுகிறது. லேத்தில் செய்த கம்பிகள் ஒரு துணிப்பையில் பின்னிருக்கைக்கு அடியில் கிடக்கின்றன. செம்மண் பாதையின் தொடக்கத்தில் எங்கள் பங்காளி வீட்டு வாசலில் நிறுத்தி, ஸ்டாண்டு வைத்து, கதவைத் திறந்துவைத்து, நான்கையும் மாற்றுகிறேன். திரும்பும்போது மறுபடி அசலுக்கு மாற்றுகிறேன். பழகிவிட்டால் நாற்பது நிமிட வேலை. புளி உலுக்கும் காலத்திலும் ஓடையில் தண்ணீர் வரும் காலத்திலும் மட்டுமே இது தேவைப்படுகிறது.

அளவீட்டுக்குப் பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்ததையும் சொல்லவேண்டும். முந்தையவரின் கம்பிகளோடு வண்டி உயர்ந்து நின்ற காலத்தில் அலைன்மென்ட் செய்திருந்ததால், அசல் உயரத்துக்கு வந்ததும் அந்தக் கணக்கு முழுவதும் பிசகிப்போயிருந்தது. உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் உள்நோக்கும் மாறும். முன்டயர்களின் உள்விளிம்பு ஏற்கெனவே வழவழத்துப் போயிருந்ததற்கு அதுதான் காரணம். முகப்பு விளக்குகளின் திசையையும் சுவரில் கோடு போட்டுச் சரிசெய்தோம்.

சென்ற ஐப்பசியில் நல்ல மழைக்கு மறுநாள் தோப்புக்குப் போனேன். யானைகள் இறங்கும் பகுதி என்பதால் இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பினோம். அண்ணனும் உடன் வந்தார். ஓடையில் முதலில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோலோடு நடந்து ஆழம் பார்த்தார். கோலில் தண்ணீர் பட்ட இடத்தை என் அளவு நாடாவில் வைத்தால் 460 மில்லிமீட்டர். மெல்ல இறக்கி, முன்னால் எழும் அலையை விடாமல் ஒரே வேகத்தில் கடந்தேன். நடுப்பாறையில் அவர் முன்னே போய்க் குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தபடி கையசைத்துக்கொண்டே வந்தார். சத்தம் ஒன்றும் இல்லை. தாண்டியதும் பாறையின் முதுகைத் தடவிப் பார்த்தார். ஆடி மாதத்து வெள்ளைக் கீறல் மட்டும் அங்கே இருந்தது.

இப்போது பின்பலூன்களின் மடிப்பை மாதம் ஒருமுறை வண்டியை உயர்த்திவைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். முன்பலூன்கள் இரண்டும் பழையவை. அவற்றை மாற்றப் பணம் சேர்த்துவருகிறேன். அதுவரை வாரத்தில் ஓர் இரவு ஃபியூஸைப் பிடுங்கிவைத்து, காலையில் அளந்து எழுதுகிறேன். நேற்றைய குறிப்பு, இறங்கிய மில்லிமீட்டரில்: முன் இடம் 4, முன் வலம் 6, பின் இரண்டும் 4. முன் வலத்தை அடுத்த வாரம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கவேண்டும்.